கல்லாவில் கம்ப்யூட்டர் திரை இருண்டால்...

மாதத்தின் முதல் வாரம். மாலை ஆறு மணி. சம்பளம் வாங்கிய வாடிக்கையாளர்கள் சீட்டும் பையுமாகக் கல்லாவைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பில் போடும் கம்ப்யூட்டரின் திரை இருண்டுவிட்டால் மளிகைக் கடைக்காரர் பாடு என்னவாகும் என்பதை வியாபாரப் பெருமக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியவர்கள் நம்மில் அநேகர்.

எங்கள் கடையிலேயே இது நடந்தது. திரை இருண்டதும் பில் போடும் பையன் பதறிப்போய்ப் பெட்டியின் சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டான். மறுபடி போட்டும் இருட்டுதான். அவனை நாலு பேர் முன்னால் திட்டித் தீர்த்தோம். அவசரத்துக்கு வந்த மெக்கானிக், மானிட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிக் கூலியையும் வாங்கிக்கொண்டு போனார். பணத்தை எடுத்து வைத்த பிறகுதான் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து, மானிட்டரின் பின்னால் கையை விட்டுக் கேபிளை அழுத்தித் திருகினார். படம் வந்துவிட்டது! மத்தியானம் சர்க்கரை மூட்டை வைக்க இடம் போதாமல் மேசையைத் தள்ளியது நாங்கள்தான். அதில் கேபிள் இழுபட்டிருக்கிறது.

நஷ்டம் அத்தோடு முடியவில்லை. சுவிட்சைப் பிடித்து அணைத்ததில் அன்றைய கணக்கு கெட்டுப்போய்விட்டது. நகல் பில்களை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: திரை வேறு, பெட்டி வேறு. திரை இருண்டாலும் பெட்டி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கலாம். கீபோர்டில் 'நம் லாக்' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. கணக்கும் பத்திரமாக இருக்கிறது. அப்போது சுவிட்சில் கை வைக்கவே கூடாது.

அடுத்து மானிட்டரின் விளக்கு. அது எரியவே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். பிளக், மானிட்டரின் பின்னால் செருகும் ஒயர் இரண்டையும் அழுத்திவிடுங்கள். சில யு.பி.எஸ்.களில் எல்லாத் துளைகளுக்கும் பேட்டரி கிடையாது. மானிட்டரை அப்படிப்பட்ட துளையில் செருகியிருந்தால், கரண்ட் போனவுடன் பெட்டி ஓடும், திரை மட்டும் அணையும்.

விளக்கு எரிந்து, திரையில் 'நோ சிக்னல்' என்று எழுத்து வந்தால் அது ஒருவகையில் நல்ல செய்தி. அந்த எழுத்தைக் காட்டுவது மானிட்டரேதான். மானிட்டர் நன்றாக இருக்கிறது. பெட்டியிலிருந்து படம்தான் வந்து சேரவில்லை. எங்கள் மெக்கானிக் இந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் மானிட்டரை மாற்றச் சொன்னார் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இந்த நிலையில் பத்துக்கு எட்டு கேபிளாகத்தான் இருக்கும் என்பது எங்கள் அனுபவம். பழைய மானிட்டர்களில் இருப்பது வி.ஜி.ஏ. கேபிள். 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்தது, மூன்று வரிசையில் 15 பின்கள், இரு பக்கமும் திருகு. அந்தத் திருகை நம்மில் பாதிப் பேர் முடுக்குவதே இல்லை. படம் வந்தும் நிறம் மாறித் தெரிந்தால் அதுவும் இந்தக் கேபிள்தான்: சிவப்புக்கான பின் தொடாவிட்டால் வெள்ளைத் திரை பச்சை கலந்த நீலமாகும், நீலம் தொடாவிட்டால் மஞ்சளாகும். கழற்றிப் பார்ப்பதானால் கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஒரு பின் இல்லாமலிருந்தால் பயப்பட வேண்டாம். பல கேபிள்களில் ஒன்பதாவது பின்னை வைக்காமலே செய்கிறார்கள். வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்தலாம். எலி கடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் ஒயரை விட்டால் எலி எதைத்தான் விடும்?

புதிய எச்.டி.எம்.ஐ. கேபிளில் பெரும்பாலும் திருகு கிடையாது. லேசாக இழுத்தாலே நழுவும். கொஞ்சம் தொய்வு விட்டு மேசைக்காலில் கட்டிவிடுவது நல்லது. புதுப் பெட்டி, பழைய மானிட்டர் வைத்திருப்பவர்கள் இடையில் கன்வெர்ட்டர் போட வேண்டும். அது ஒரு திசையில்தான் வேலை செய்யும். 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு' என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்; திருப்பி வாங்கிவிட்டு அலைந்தவர்கள் உண்டு.

கேபிள் சரியென்றால் மானிட்டரில் உள்ள 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு, கேபிள் இல்லாத வாசலுக்கு மாறியிருக்கும். வாடிக்கையாளர் பார்க்க இரண்டாவது திரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: படம் முழுவதும் அந்தத் திரைக்கே போய்விடும். விண்டோஸ் பொத்தானுடன் 'பி' எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் வரும். இரண்டிலும் தெரியும்படி மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் எழுத்தே இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்கு போயிருக்கிறது. அப்போதுதான் ரிப்பேர் செலவையும் புது மானிட்டர் விலையையும் ஒப்பிட வேண்டும். பெட்டியை ஆன் செய்யும்போது பீப் பீப் என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே 'ராம்' சரியாக உட்காரவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு நம் கண்முன்னே சுத்தம் செய்து மாட்டச் சொல்லலாம். மானிட்டரை மட்டும் நாமே பிரிக்கக்கூடாது. குடோனில் பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர் கிடந்தால் அதை அறவே தொட்டுப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

எங்கள் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் இப்போது ஓர் ஆணி. அதில் உபரி கேபிள் ஒன்றும், ஒரு பில் புத்தகமும் தொங்குகின்றன. மேசையை நகர்த்துவதானால் அந்தப் பையனைக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்துகிறோம்.