தண்ணீர் ஊற்றாமல் ஓடும் உப்பு



என் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். போன லீவில், "சும்மா வெச்சாலே தண்ணி மாதிரி ஓடுற உப்பு இருக்குப்பா" என்றேன். அப்பா சிரித்துவிட்டார். "ஏலே, தண்ணி ஊத்தாம உப்பு எப்படிலே ஓடும்?" பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். திரும்பி வந்து நூலகத்தில் தேடி, கெமிஸ்ட்ரி சாரையும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் அயனிகள் சிறியவை. செங்கல் மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அயனி பெரிதாக, கோணல்மாணலாக இருந்தால் அடுக்க வராது. 1914-இல் பால் வால்டன் எழுதிய எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே உருகிவிடும். இப்படி 100 டிகிரிக்குள் உருகும் உப்புகளே அயனித் திரவங்கள். இவை எளிதில் ஆவியாகாது, மின்சாரம் கடத்தும். எனவே பேட்டரிக்கு உதவுமா என்று ஆராய்கிறார்கள்.

எந்த நேரயனியோடு எந்த எதிரயனியைச் சேர்ப்பது? எல்லாவற்றையும் லேபில் செய்து பார்க்க முடியுமா? அதனால் கம்ப்யூட்டரில் அணுக்களை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், 1964-இல் அமெரிக்காவில் 864 ஆர்கான் அணுக்களை வைத்து இதைச் செய்து காட்டினார். அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று சொல்லும் சூத்திரத் தொகுப்புக்கு விசைப்புலம் என்று பெயர்.

சாதாரண விசைப்புலத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு மின்னூட்டம் எழுதிவிட்டால் அவ்வளவுதான், மாறாது. அயனித் திரவத்தில் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். நேரும் எதிரும் இறுகப் பிடித்துக்கொண்டு, திரவம் நிஜத்தைவிடப் பல மடங்கு மெதுவாக நகரும்.

ஏன்? தலைவாரிய சீப்பைப் பேப்பர் துண்டுக்கு அருகில் கொண்டுபோங்கள், ஒட்டிக்கொள்ளும். பேப்பருக்கு மின்னூட்டம் கிடையாது. சீப்பு பக்கத்தில் வந்ததும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் லேசாக நகர்கின்றன. இதுதான் முனைவாக்கம். தனியாக இருக்கும் நீர் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை. திரவத்தில் அக்கம்பக்கம் சேர்ந்ததும் 2.5-ஐத் தாண்டிவிடுகிறது! அயனித் திரவத்திலும் எலக்ட்ரான் மேகங்கள் இப்படி வளைந்துகொடுத்து, அயனிகளின் பிடியைத் தளர்த்துகின்றன.

இதற்குக் குறுக்குவழி, எல்லா அயனிகளின் மின்னூட்டத்தையும் சுமார் 0.8-ஆல் பெருக்கிவிடுவது. திரவம் ஓடும். ஆனால் நடுவில் இருக்கும் அயனிக்கும் மின்முனை ஓரத்தில் இருக்கும் அயனிக்கும் ஒரே தள்ளுபடி என்பது நியாயமா? நேர்வழி, அணுவோடு ஒரு சின்ன மின்னூட்டத்தை ஸ்பிரிங் கட்டி விட்ட மாதிரி கணக்குப் போடுவது. பக்கத்தில் யார் வந்தாலும் அது அதற்கேற்ப நகரும். பால் ட்ரூடு பெயரால் வழங்கும் முறை இது. நேரம் பல மடங்கு பிடிக்கும், ஆனால் ஏமாற்றாது.

நண்பர்களே, இதையெல்லாம் பரீட்சையில் எழுதினால் மார்க் வரும். அப்பாவுக்குப் புரியவைத்தால்தான் நான் படித்ததாக அர்த்தம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். பையில் சீப்பும் பேப்பரும் இருக்கின்றன.