பாய்லருக்குள்ள ஒரு பால்கோவா: ப்ளோடவுன் வால்வை எப்படித் தேர்வு செய்வது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிடாதவங்க நம்ம காலேஜ்ல இருக்க முடியாது. பால் கொதிக்கக் கொதிக்க தண்ணி ஆவியாப் போயிடும், மீதி கெட்டியாகும். பாய்லரிலும் இதேதான் நடக்குது. நீராவி வெளியே போகும். தண்ணியில் இருந்த உப்பு உள்ளேயே தங்கி, டி.டி.எஸ். ஏறிக்கிட்டே இருக்கும். அதை வெளியேற்றத்தான் ப்ளோடவுன்.

இது ரெண்டு வகை. கரைந்த உப்புக்கு, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழிருந்து தொடர்ந்து கொஞ்சமா எடுப்பது ஒன்று. அடியில் படியும் சேற்றுக்கு, சில விநாடி மட்டும் வேகமாத் திறந்து மூடுவது இன்னொன்று. ரெண்டுக்கும் ஒரே வால்வு சரிப்படாது.

எவ்வளவு வெளியேற்றணும்? 2 டன் பாய்லர் ஒன்றை எடுத்துக்குவோம். ஃபீட் வாட்டர் டி.டி.எஸ். 250, உள்ளே அனுமதிக்கும் அளவு 3000 பிபிஎம்.

2000 × 250 ÷ (3000 − 250) = மணிக்குச் சுமார் 182 கிலோ.

தொடர் ப்ளோடவுன் வால்வை இந்த அளவுக்கும் பாய்லர் அழுத்தத்துக்கும் பொருத்தமா எடுக்கணும்.

இப்போ அடி வால்வு. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஒரு யூனிட்டுக்கு இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். அங்கே அடி லைன்ல சாதாரண க்ளோப் வால்வு மாட்டியிருந்தாங்க. அதன் உள்பாதை வளைந்து போகும். சேறு அந்தப் பள்ளத்தில் தங்கும். சீட்டில் துணுக்கு சிக்கி, மூடின பிறகும் தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்தது. "தம்பி, கிளாஸ்ல மட்டத்தைப் பாரு, இறங்குது"ன்னு ஆபரேட்டர் அண்ணன் பதறினது இன்னும் மறக்கல. நீர்மட்டம் ரொம்ப இறங்கினா ட்யூப் காய்ந்து சூடேறி உடையும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

அதனால அடி லைனுக்குப் பாதை நேரா இருக்கும் ப்ளோடவுன் வால்வோ, ஒய் டைப் வால்வோதான் சரி. வரிசையா ரெண்டு வால்வு வைப்பது நல்ல வழக்கம்: பாய்லர் பக்கம் சட்டுனு திறப்பது, அடுத்தது மெதுவாத் திறப்பது. முதலாவதை முதலில் திறக்கணும், கடைசியில் மூடணும். அப்போ தேய்மானம் முழுக்க வெளி வால்வுக்குப் போகும். உள் வால்வு இறுக்கமா மூடும்.

வாங்கும்போது ஐ.பி.ஆர். 1950 விதிப்படி படிவம் 3-சி சான்றிதழ் கேளுங்க. வெளியேற்றும் குழாயை நேரா சாக்கடையில் விடாதீங்க. 10 பார் அழுத்தத்தில் அந்தத் தண்ணி சுமார் 184 டிகிரி. வெளியே வந்ததும் அதில் கிட்டத்தட்ட 16 சதவீதம் ஆவியாச் சீறும். ப்ளோடவுன் டேங்க் அவசியம்.

அடுத்த முறை இண்டஸ்ட்ரியல் விசிட் போனா, பாய்லரைச் சுத்திப் பார்த்துட்டு வந்துடாதீங்க. குனிஞ்சு அடியில இருக்கிற வால்வையும் பாருங்க.