இலைகளுக்கு நடுவே ஒரு சீழ்க்கை

கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் வேகமாகப் பேசினால் பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுந்துவிடும். நாகசுரக்காரர் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால், அது வாசல்வரை தெளிவாகக் கேட்கும். மழைக்காட்டுப் பறவைக்கும் இதே பாடுதான்.

பறவையியலாளர் யூஜின் மார்ட்டன், பனாமாவின் காட்டிலும் புல்வெளியிலும் ஒலிகளை ஒலிபரப்பி, எது எவ்வளவு தேய்கிறது என்று அளந்தார். 1975-ல் வெளியான முடிவு இது: காட்டுக்குள், தரையை ஒட்டி, சுமார் 1,600 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் குறைவாகத் தேய்ந்தது. அங்கே வாழும் பறவைகள் பெரும்பாலும் பாடியதும் ஏறக்குறைய அதே சுருதியில், நீண்ட சீழ்க்கையாக. புல்வெளிப் பறவைகளோ ‘கிர்ர்ர்’ என்று படபடத்தன.

காரணம் அலைநீளத்தில் இருக்கிறது. 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை சுமார் 17 சென்டிமீட்டர். இலைகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 8,000 ஹெர்ட்ஸில் அலை நாலு சென்டிமீட்டர்தான்; இலையில் மோதிச் சிதறும். அடிமரங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி படபடப்பைக் குழப்பிவிடும். ஆனால் ஒரே சுருதியில் நீளும் சீழ்க்கைக்கு அந்த எதிரொலியே துணை. ஆப்பிரிக்க மழைக்காட்டு ஆய்வொன்று (2002), இத்தகைய ஸ்வரம் தொலைவில் இன்னும் நீண்டும் வலுத்தும் கேட்கக்கூடும் என்று காட்டியது. பாடுவது குருவி, சுதி போடுவது காடு!

காட்டுக்கேற்ற இந்தப் பாட்டு எப்படிப் பரம்பரைக்குள் நுழைகிறது? பாட்டு எட்டாத ஆணுக்கு எல்லையைக் காப்பதும் கடினம், இணை கிடைப்பதும் கடினம். கேட்டுக் கற்கும் இனங்களில் இன்னொரு வழியும் உண்டு: குஞ்சு, தன் காதில் தெளிவாக விழுந்ததைத்தானே திருப்பிப் பாட முடியும்? எறும்புப்பறவைகள் போன்றவற்றுக்குப் பாட்டு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அங்கே வடிகட்டல் மரபணு வழியாகவே நடந்தாக வேண்டும்.

மரங்கள் மட்டும் போட்டியில்லை. கோஸ்டாரிகாவின் லா செல்வா காட்டில் சில்வண்டுகள் இரையத் தொடங்கினால், அதே அலைவரிசையில் பாடும் பறவைகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கின்றன.

மார்ட்டன் சொன்னதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாழிடத்தின் தாக்கம் உண்மைதான், ஆனால் சிறியது என்று தெரிந்தது. பாட்டை வடிவமைக்க வேறு காரணங்களும் உண்டு. உடல் பெருத்தால் குரலின் சுருதி தணியும். பெண்பறவையின் ரசனையும் சேர்ந்துகொள்ளும். அமேசானின் வெள்ளை மணிப்பறவை 125 டெசிபல்வரை அலறுகிறது. 2019-ல் பதிவான அளவு. தூரத்துக்கு அல்ல, பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் அதன் முகத்துக்கு நேரே திரும்பி அலறுகிறது.