பெலிஹுல் ஓயாவும் மலையுச்சிக் காடும்

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரும் ஆறுகளுக்கும் நீர் வழங்கும் மலைப்பிரதேசம் ஹோர்ட்டன் சமவெளியாகும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்த இத்தேசியப் பூங்காவில் ஊற்றெடுக்கும் சிற்றாறுகளுள் ஒன்றே பெலிஹுல் ஓயா. இதன் கிளையொன்றிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டு களிப்போர் பலர். அந்நீர் செல்லுமிடத்தைச் சிந்திப்போர் சிலரே.

இவ்வாற்றுக்கு மழை மாத்திரம் ஆதாரமன்று. பாசி படர்ந்த குறுகிய மரங்கள், தவழ்ந்து வரும் முகிலிலிருந்தும் நீர்த்துளிகளைப் பற்றி நிலத்தில் சேர்க்கின்றன. புற்றரைகளும் சதுப்பு நிலங்களும் அதனை உறிஞ்சி வைத்து, மழையற்ற மாதங்களிலும் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன.

செங்குத்தான சரிவில் தெற்கு நோக்கி இறங்கும் இவ்வாறு, இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயா கிராமத்தைக் கடந்து, வளவை கங்கையுடன் சமனலவெவ நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. 1992இல் நிறைவுற்ற இத்திட்டத்தின் மின்னுற்பத்தித் திறன் 120 மெகாவாற்று ஆகும். அணைக்கட்டின் வலக்கரையிலிருந்து கசியும் நீர்கூட கீழேயுள்ள கல்தொட்டை விவசாயிகளின் வயல்களுக்குப் பயன்படுகிறது. எஞ்சும் நீர் உடவளவை வழியாக அம்பலாந்தோட்டையில் கடலை அடைகிறது.

1960களில் இச்சமவெளியின் புற்றரைகளில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் இது பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் பிரகடனங்களால் மாத்திரம் ஆறு காக்கப்படுவதில்லை. பூங்காவினுள் பல தசாப்தங்களாக மரங்கள் பட்டுப்போய் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த முட்புதர்கள் புற்றரைகளில் பரவியுள்ளன. பூங்கா எல்லைக்கு வெளியே, உலர் மாதங்களில் மலைச்சரிவுகளில் மூளும் தீ மண்ணின் நீர்பிடிக்கும் தன்மையைக் கெடுக்கிறது. தீக்குப்பின் வரும் மழையில் அரித்துச் செல்லப்படும் மண், ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் படிகிறது.

பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பிலும், நீர்த்தேக்கம் மின்சார சபையின் பொறுப்பிலும் இருந்து வந்துள்ளன. இடைப்பட்ட கிராமங்களின் நிர்வாகமோ வேறு. ஆயினும் மேலே காடு அழிந்தால் கீழே வயல் வரளும்; மின்னுற்பத்தியும் குறையும். எனவே மலையுச்சி முதல் நீர்த்தேக்கம் வரையான பிரதேசம் முழுவதையும் ஒரே நீரேந்து பிரதேசமாகக் கொண்டு திட்டமிடுவது அவசியமாகும். அதில் கிராம மக்களின் பங்களிப்பும் இருத்தல் வேண்டும். பூங்காவின் வேலியுடன் பாதுகாப்பு முடிந்துவிடுமாயின், சிற்றாறு வற்றும்போது அதன் விலையைச் செலுத்த வேண்டியவர்கள் கல்தொட்டை விவசாயிகளே.