நீலக் குழந்தைகள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள்!

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று இருதயக் குறையோடு பிறக்கிறது.

சில ஓட்டைகள் சிறியவை. அவை தாமாகவே மூடிக்கொள்ளும். ஆனால் ஒரு வகைக் குறை, ஒரு காலத்தில் பெற்றோரைக் கதிகலங்க வைத்தது.

அந்தக் குழந்தைகளின் உதடு நீலமாக இருக்கும். நகமும் நீலமாக இருக்கும். நாலு அடி ஓடினால் மூச்சு வாங்கும். உடனே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சற்று நேரம் அப்படி இருந்தால்தான் மூச்சு சீராகும்.

"நீலக் குழந்தைகள்" என்று அவர்களுக்குப் பெயர்.

நாலு குறைகள்

ஏன் நீலம்?

நமது ரத்தம் நுரையீரலுக்குப் போய் பிராண வாயுவைப் பெறுகிறது. அதனால் செக்கச் செவேல் என்று ஆகிறது. பிறகு உடல் முழுவதும் பாய்கிறது.

நீலக் குழந்தைக்கு நுரையீரலுக்குப் போகும் வழி குறுகலாக இருக்கும். இருதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருக்கும். உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், இடம் மாறி அந்த ஓட்டைக்கு மேலேயே இருக்கும். இருதயத்தின் வலது பக்கச் சுவர் தடித்துவிடும்.

ஆகவே, பிராண வாயு பெறாத ரத்தம் ஓட்டை வழியாகக் குறுக்கே புகுந்து உடலுக்குப் போய்விடுகிறது. உதடு நீலமாவது அதனால்தான்.

இந்த நாலு குறைகளையும் 1888-ம் ஆண்டில் சேர்த்து விளக்கியவர், பிரான்சு நாட்டு டாக்டர் ஃபாலோ. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது. "டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

காது கேளாத டாக்டர்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர் இருந்தார். அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. குழந்தையின் மார்பில் விரலை வைத்தே இருதயத் துடிப்பை அறிந்தார்!

"நுரையீரலுக்கு ரத்தம் போக இன்னொரு வழி அமைத்தால் என்ன?" இதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை.

ஆபரேஷன் செய்ய முன்வந்தவர் டாக்டர் ஆல்பிரட் பிளாலாக். அவருக்கு உதவியாளர் விவியன் தாமஸ். இவர் கறுப்பு இனத்தவர். தச்சு வேலை தெரிந்தவர். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டுப் பணம் சேர்த்தார். பாங்கி முறிந்தது, பணம் போயிற்று. ஆனாலும், ஆபரேஷன் முறையை முதலில் நாய்களிடம் செய்து பழகித் தேர்ந்தவர் இவர்தான்.

1944-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி, 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு ஆபரேஷன் நடந்தது. எடை நாலு கிலோ அளவுதான்! கைக்குப் போகும் ரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு தைத்தார்கள். தாமஸ் ஒரு முக்காலி மேல் நின்று, பிளாலாக்குக்கு யோசனை சொன்னார்.

குழந்தை தேறியது. பிறகு மீண்டும் நோய் முற்றி இறந்துபோயிற்று.

டாக்டர்கள் மனம் தளரவில்லை. மூன்றாவதாக வந்தவன் ஆறு வயதுப் பையன். ஆபரேஷன் மேஜையிலேயே அவன் உதடு சிவந்தது!

டாக்டர் பட்டம் இல்லாத தாமசுக்கு 1976-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

ஒலிம்பிக் வீரர்

அது தற்காலிக நிவாரணம்தான். 1954-ல் டாக்டர் லில்லஹை, மின்னசோட்டாவில் ஓட்டையை அடைத்து, குறுகிய வழியையும் அகலப்படுத்தினார். அந்த ஆபரேஷன் நடந்தபோது, இன்னொரு மனிதரின் இருதயமே நோயாளிக்கும் சேர்த்து வேலை செய்தது! இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே ஆபரேஷனை முடித்துவிடுகிறார்கள்.

அமெரிக்க வீரர் ஷான் ஒயிட் இந்த நோயோடு 1986-ல் பிறந்தவர். ஒரு வயதுக்குள் இரண்டு ஆபரேஷன்! பனிச்சறுக்குப் போட்டியில் 2006, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வாங்கினார்.

ஆபரேஷனோடு முடிந்ததா?

இல்லை. இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன.

"பையன் ஓடியாடி விளையாடுகிறானே, இனி டாக்டர் எதற்கு?" என்று நின்றுவிடுகிறார்கள்.

நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒரு வால்வு உண்டு. ஆபரேஷன் ஆன பலருக்கு அது நாளடைவில் கசியும். வலி இருக்காது. ஆனால் இருதயத்தின் வலது பக்கம் மெல்ல மெல்லப் பெருக்கும். துடிப்பும் தாறுமாறாகலாம். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் புது வால்வு தேவைப்படலாம். சிலருக்கு மார்பைத் திறக்காமல், கால் ரத்தக் குழாய் வழியாகவே அதைப் பொருத்த முடிகிறது. எப்போது மாற்றுவது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

பெண் குழந்தை என்றால் இன்னொரு தொல்லை. கல்யாணப் பேச்சு வந்ததும் மார்புத் தழும்பை மறைக்கிறார்கள். புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று டாக்டரிடம் போவதும் நின்றுவிடுகிறது. பிறகு அவள் கர்ப்பம் ஆகும்போது, பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. இது ஆபத்து! உண்மையைச் சொல்லி, கர்ப்பம் ஆகும் முன்பே இருதய டாக்டரின் யோசனையைக் கேட்டு நடந்து, நல்லபடியாகப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் பலர்.

கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்த நோய் என்று தாயைப் பழிப்பதும் தவறு. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

செய்ய வேண்டியவை

ஆபரேஷன் காகிதங்களை வீட்டுப் பத்திரம்போல் பத்திரமாக வைக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன தவணையில் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பல்லைச் சுத்தமாக வைக்க வேண்டும். பல்லில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கக்கூடும்.

படபடப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளை விவரம் தெரிந்தவன் ஆனதும், தன் நோயின் பெயரையும், நடந்த ஆபரேஷனையும் அவனுக்கே சொல்லிக்கொடுக்க வேண்டும். தாய் தகப்பன் அருகில் இல்லாத ஊரில், டாக்டர் கேட்டால் அவன்தானே பதில் சொல்ல வேண்டும்!