எந்த வாசலைத் தட்டுவாள்?

“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று ஒரு பழமொழி உண்டு. பிள்ளையைத் திருத்தும் தாயை நினைத்துச் சொன்னார்களோ என்னவோ! எங்கள் ஊரில் நான் அதைக் கேட்டதெல்லாம், கணவனிடம் அடிபட்டுத் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெண்ணைத் திருப்பி அனுப்பும் வேளையில்தான்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே, கேரளம் முடிகின்ற இடத்தில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. நிலத்தைப் பிரித்தார்கள், உறவைப் பிரிக்க முடியவில்லை. இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டின் இருபுறமும் நடக்கின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரு மொழியும், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்பதே எங்கள் வாழ்க்கை.

எங்கள் அடுத்த வீட்டு அக்காவை விளவங்கோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். பேசிய பவனில் கொஞ்சம் பாக்கி. அந்தப் பாக்கி அக்காவின் கன்னத்தில் வீக்கமாகத் தெரிந்தது. முதல் முறை வந்தபோது, “ரெண்டு நாள் கழிஞ்சா எல்லாம் சரியாவும் மக்ளே” என்று தாய் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் முறை ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமரசம் பேசினார்கள். மூன்றாம் முறை கைக்குழந்தையோடு இரவில் வந்தார். மறுநாள் காலையில் அவருடைய அண்ணனும் நானும் அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். “அடி நடந்தது தமிழ்நாட்டில், அங்கே போங்கள்” என்றார்கள். அங்கே போனோம். “இப்போது இவர் தங்கியிருப்பது கேரளத்தில்; அங்கே எழுதிக் கொடுங்கள்” என்றார்கள். பொழுது சாய்ந்தது. பேருந்தில் திரும்பும்போது அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “இனி எங்கயும் போண்டாம், தம்பி.” எட்டாம் நாள் அவர் கணவன் வீட்டுக்கே போய்விட்டார்.

நான் சட்டம் பயில்பவன் அல்லன். ஆனால் அன்றுமுதல் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அடிபட்ட பெண் எந்த வாசலைத் தட்டுவது? அதற்காகச் சட்ட நூல்களைப் புரட்டினேன். புரட்டியபோதுதான், எங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு விடையும் தவறு என்று தெரிந்தது.

நம் நாட்டில் இதற்கென இருவகைச் சட்டங்கள் உள்ளன. ஒன்று, குற்றவாளியைத் தண்டிக்கும் சட்டம். 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. மனைவியைக் கொடுமை செய்யும் கணவனுக்கும் அவன் உறவினர்க்கும் மூன்றாண்டு வரை சிறை விதிக்க அது வழி செய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள் அதன் இடத்தில் இருக்கின்றன. மற்றொன்று, பெண்ணைக் காக்கும் சட்டம். 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அது. அடி உதை மட்டும் வன்முறை என்று அது கருதவில்லை. பாலியல் கொடுமை, சொல்லால் புண்படுத்துதல், செலவுக்குக் காசு தராமல் வாட்டுதல் ஆகியவையும் அதில் அடங்கும். மனைவிக்கு மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழும் தாய்க்கும் சகோதரிக்கும் மகளுக்கும்கூட அது துணை நிற்கிறது.

இச்சட்டத்தின் கீழ் நீதிபதி, “இவளை அணுகாதே” என்று கணவனுக்கு ஆணையிடலாம். அவள் அவ்வீட்டிலேயே வாழ உரிமை வழங்கலாம். பணமும் குழந்தையும் அவளிடம் இருக்கச் செய்யலாம். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள் வரவேண்டும். 60 நாளில் முடிக்க முயலவேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இனி எங்கள் எல்லைச் சிக்கலுக்கு வருகிறேன். அச்சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கணவன் வாழும் இடத்திலும் செய்யலாம். கொடுமை நடந்த இடத்திலும் செய்யலாம். எங்கே பெற்றாலும் அந்த ஆணை இந்தியா முழுவதும் செல்லும். தண்டிக்கும் சட்டத்திலும் இவ்வையம் 2019 ஏப்ரலில் நீங்கியது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண், அடைக்கலம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. சட்டம் கோட்டைத் தாண்டிவிட்டது. எங்கள் அக்காதான் தாண்ட முடியாமல் நின்றார்.

நாட்டில் நடக்கும் வாதத்தைப் பார்த்தால், அஃது பெரும்பாலும் தண்டிக்கும் சட்டத்தையே சுற்றி வருகிறது. 498ஏ பிரிவைச் சிலர் பழிவாங்கப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒரு சாரார் குறை. உடனே கைது செய்தல் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. 2017இல் புகாரை முதலில் குடும்பநலக் குழு ஆராயட்டும் என்றது. 2018இல் அதை நீக்கியது. 2025 ஜூலையில், அலகாபாத் உயர் நீதிமன்றம் வகுத்த அதே போன்ற முறைக்கு மீண்டும் இசைவு தந்தது. பொய்ப் புகாரே இல்லை என்று நான் வாதிடவில்லை. குற்றமற்றவன் சிறை புகுவதை யாரும் விரும்பார். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கூறுவதைக் கேளுங்கள். உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ கண்ட இந்தியப் பெண்களில் உதவி நாடியவர் நூற்றுக்கு 14 பேரே! பொய் சொல்ல வருவோரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மெய் சொல்லவும் வராதவர்களைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்?

அதே ஆய்வில் கணவனின் வன்முறையைக் கண்டதாகச் சொன்ன பெண்கள் கேரளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 10, தமிழ்நாட்டில் 38. உடனே நம் கேரள நண்பர்கள் மகிழ்ந்துவிட வேண்டா. கணவன் சில காரணங்களுக்காக அடிப்பது தகும் என்று கேரளத்துப் பெண்களிலேயே நூற்றுக்கு 52 பேர் சொல்லியிருக்கிறார்கள். தகும் என்று நினைப்பவள் புகார் சொல்வாளா?

2021இல் கேரளம் சற்றே விழித்தது. அவ்வாண்டு ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஆயுர்வேத மருத்துவம் பயின்ற இளம்பெண் ஒருவர், வரதட்சிணைக் கொடுமைக்கு ஆளாகிக் கணவன் வீட்டில் இறந்தார். அரசு ஊழியரான கணவரை அரசு வேலையிலிருந்து நீக்கியது; 2022 மே மாதம் விசாரணை நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அந்த நாட்களில், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தொலைபேசி வழியே குறை சொன்ன ஒரு பெண்ணிடம், போலீசில் புகார் கொடுக்கவில்லை என்றால் அனுபவித்துக்கொள் என்ற பொருள்படப் பேசிவிட்டார் மாநில மகளிர் ஆணையத் தலைவர் எம். சி. ஜோசபைன். கண்டனம் எழவே, ஜூன் 25ஆம் நாள் பதவி விலகினார். ஜூலையில் ஆளுநர் ஆரிப் முகமது கான் வரதட்சிணைக்கு எதிராக ஒருநாள் உண்ணாநோன்பு இருந்தார். மாவட்டந்தோறும் வரதட்சிணைத் தடை அலுவலர்களை அரசு அமர்த்தியது.

இவை நல்லவையே. எனினும் புகார் கொடுக்காத பெண்ணைக் கடிந்துகொள்வதற்கு முன், புகார் கொடுக்கும் வழி அவளுக்கு எட்டும்படி இருக்கிறதா என்று கேட்கவேண்டாவா? பெண்ணுக்கு மனு எழுதித் தந்து, மருத்துவமும் தங்குமிடமும் வாங்கித் தரவேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். மாவட்டத்துக்கு ஒருவரோ பலரோ இருக்கவேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டம். எல்லையோரத்துக் கூலிப் பெண் மாவட்டத் தலைநகருக்குப் போய்வர ஒருநாள் கூலி போய்விடும். போன இடத்தில் அவள் தமிழ் யாருக்குப் புரியும்? வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களைக் குறிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழும் அறிந்த ஒருவர் அவ்விருக்கையில் அமர்வாரானால், பத்துப் புதிய தண்டனைகளை விட அது பயன் தரும் என்பது என் கருத்து.

மாணவத் தோழர்களே! அரசு செய்யும்வரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. வன்முறையைக் கண்டவர் யாராயினும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர்மேல் எந்த வழக்கும் வராது. பாதிக்கப்பட்டவளுக்காக வேறொருவரும் மனுச் செய்யலாம். பெண்ணுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். உடனடி ஆபத்துக்கு 112. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, விடுமுறைக்கு ஊர் போகும்போது வீடுவீடாகக் கொடுத்தால் என்ன?

சென்ற மாதம் அக்கா மறுபடியும் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். இம்முறை தாய் பழமொழி எதுவும் சொல்லவில்லை. அக்கா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சட்ட உதவி வழக்கறிஞர் அதை மலையாளத்தில் பெயர்த்தார். நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் மனு ஏற்கப்பட்டிருக்கிறது. தீர்ப்பு எப்படி வருமோ அறியேன். ஆனால் எந்த வாசலைத் தட்டுவது என்று அக்காவுக்கு இப்போது தெரியும். எங்கள் தெருவில் இன்னும் நான்கு பெண்களுக்கும் தெரியும்.