சபுர் போகும் பிள்ளைகளுக்கு: சம்பளம் உங்கள் பெயரிலேயே வரட்டும்

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களுக்கு,



கூமாப்பட்டியிலிருந்தும் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்திலிருந்தும் நம் பிள்ளைகள் வேலைக்காக சவூதி, துபாய், கத்தார் என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். விசா, டிக்கெட், மெடிக்கல் பற்றி நம் அலுவலகத்துக்கு வந்து விசாரிப்பவர்கள் உண்டு. ஆனால், "சம்பளம் எந்தக் கணக்கில் வரும், ஊரில் எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும்?" என்று கேட்டு வருபவர் மிகக் குறைவு. அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். பதினோரு ஆண்டுகள் சவூதியில் வீட்டு ஓட்டுநராக இருந்தவர். சம்பளம் கையில் ரொக்கமாகத்தான். அதை அறையில் உடனிருந்தவர் கணக்கில் போட்டு, அங்கிருந்து ஊரில் தம் அண்ணன் கணக்குக்கு அனுப்பி வந்தார். அண்ணன் நேர்மையானவர். அந்தப் பணத்தில் ஓர் இடம் வாங்கினார். தம்பி ஊரில் இல்லாததால் தம் பெயரிலேயே பத்திரம் முடித்தார். பிறகு அண்ணன் வபாத் ஆகிவிட்டார். தம்பி திரும்பி வந்து கேட்டபோது, "இது எங்கள் அத்தா வாங்கிய இடம்" என்றார்கள் பிள்ளைகள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தம்பியிடமோ தம் பெயர் போட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஜமாஅத்தில் நான்கு முறை உட்கார்ந்து பேசி, பாதி இடத்தை அவருக்கு எழுதிக் கொடுக்க வைத்தோம். மீதிப் பாதி அவருடைய உழைப்பு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஆதாரமில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம். நாம் அதை ஓதுகிறோம். நம் சம்பள விஷயத்தில் மறந்துவிடுகிறோம்.

போன நாட்டில் கணக்கு

வெளிநாட்டவர் ஒருவருக்கு வங்கி கணக்கு திறக்க வேண்டுமானால், அவர் அந்த நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கிறார் என்பதற்கு அடையாளம் கேட்கும். சவூதியில் அது இகாமா. அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பவருக்கு இவை இரண்டும் இருக்காது. அதனால் சம்பளக் கணக்கும் இருக்காது. சம்பளம் வராவிட்டால் கேட்க ஒரு வழியும் இருக்காது. விசிட் விசாவில் அனுப்பி, "போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாள அட்டையோடு பாஸ்போர்ட், விசா நகல், நிறுவனம் தரும் சம்பளச் சான்றுக் கடிதம், உங்கள் பெயரில் வாங்கிய சிம் கார்டு எண் ஆகியவை வேண்டும். சிம் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். வங்கியின் ரகசிய எண் அந்த எண்ணுக்குத்தான் வரும். நண்பர் சிம்மில் கணக்கு திறந்தால், உங்கள் பணத்தின் சாவி நண்பர் கையில் இருக்கிறது என்று பொருள்.

சம்பளத்தை வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற ஊதியப் பாதுகாப்பு முறை அமீரகத்தில் 2009 முதல் இருக்கிறது. சவூதியில் 2013-ல் தொடங்கி, பெரிய நிறுவனங்களிலிருந்து சிறிய நிறுவனங்கள் வரை படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். வீட்டு வேலையாட்கள், வீட்டு ஓட்டுநர்களுக்கும் 2024 ஜூலை முதல் கட்டம் கட்டமாக அமல்படுத்தி வருகிறார்கள். எனவே ரொக்கமாகத் தருகிறேன் என்று முதலாளி சொன்னால், "என் கணக்கில் போடுங்கள்" என்று பணிவாகக் கேட்பது உங்கள் உரிமை. மாதாமாதம் கணக்கில் ஏறிய தொகைதான் நாளைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும் சாட்சி.

குறைந்த சம்பளக்காரர்களுக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் முழுக் கணக்குக்குப் பதிலாக ஒரு சம்பள அட்டை தரும். அதில் சம்பளம் ஏறும், ஏ.டி.எம்.மில் எடுக்கலாம், காசோலை, கடன் போன்றவை இருக்காது. அதனால் ஒரு குறையும் இல்லை. முழுக் கணக்கு திறப்பதாக இருந்தால், குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அது குறைந்தால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இகாமாவோ எமிரேட்ஸ் ஐடியோ காலாவதியானால் வங்கி கணக்கை முடக்கிவிடும். புதுப்பித்த அட்டையை வங்கியில் பதிவு செய்தால்தான் மீண்டும் திறக்கும். முதலாளி இகாமாவைப் புதுப்பிக்கக் காலதாமதம் செய்கிறார் என்று தெரிந்தால், முடங்குவதற்கு முன்பே வீட்டுச் செலவுக்கான பணத்தை அனுப்பிவிடுங்கள்.

கணக்கை இரவல் கொடுக்காதீர்கள்

"உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு நூறு ரியால் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அது யாரிடமாவது ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். விசாரணை வரும்போது அந்த நூறு ரியால் கொடுத்தவர் இருக்க மாட்டார். கணக்கில் இருப்பது உங்கள் பெயர்தான். பிற நாட்டுச் சிறையில் மாதக்கணக்கில் கிடந்தால், இங்கே அம்மாவும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்?

அதேபோல், "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு பிளாக் ஆகிவிட்டது" என்று உருதுவிலோ இந்தியிலோ போன் வந்தால் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் போனில் ரகசிய எண் கேட்பதில்லை.

ஊரில் எந்தக் கணக்கு?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. வேலைக்காக வெளிநாடு போகும் ஒருவர், அந்நியச் செலாவணிச் சட்டப்படி, புறப்பட்ட நாளிலிருந்தே இந்தியாவில் வசிக்காதவர் ஆகிவிடுகிறார். 182 நாள் கணக்கு வருமான வரிக்கு உரியது, இது வேறு. எனவே ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறந்துகொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிதுதான்.

என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கு. பெரும்பாலும் அங்கிருந்து வரும் பணம்தான் இதில் ஏறும். ஊரில் ஒருவர் ரூபாயை ரொக்கமாகப் போட முடியாது. இதிலுள்ள பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடையில்லை.

என்.ஆர்.ஓ. என்பது ஊரில் வரும் வருமானத்துக்கு. வீட்டு வாடகை, தென்னந்தோப்புக் குத்தகை, பென்ஷன் போன்றவை இதில் வரலாம். இதில் வரும் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். இதிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வரம்பு உண்டு. நம்மில் யாருக்கும் அது தடையாக இருக்கப்போவதில்லை.

பாஸ்போர்ட், விசா அல்லது இகாமா நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் கார்டு, புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டு லீவில் வரும்போது ஊரிலேயே திறக்கலாம். அங்கிருந்தே விண்ணப்பிப்பதானால், நகல்களில் இந்தியத் தூதரகம் போன்ற இடங்களில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும்.

என்.ஆர்.இ. கணக்கில் ஊரிலிருக்கும் மனைவியையோ பெற்றோரையோ இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம். 'முதலாமவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் அது இருக்கும். நீங்கள் இருக்கும்வரை கணக்கு உங்களுடையது. அதிகாரக் கடிதம் கொடுத்தால் அவர் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். மனைவியின் சொந்தக் கணக்குக்குக் குடும்பச் செலவுக்காக அனுப்புவதிலும் தவறில்லை. ஆனால் சேமிப்பும் வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் கலக்க வேண்டாம். சேமிப்பு உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

சவூதி, அமீரகம், கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டே இந்தக் கணக்குகளில் யு.பி.ஐ. பயன்படுத்தலாம் என்று 2023-ல் அனுமதி வந்திருக்கிறது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும்போது விவசாய நிலம், தோப்பு, பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். பெற்றோர் வழியில் வாரிசாக வந்த நிலத்தையும், ஊரில் இருந்தபோது வாங்கிய நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் தோப்பு வாங்க ஆசைப்படாதவர் நம் ஊரில் யார்? அந்த ஆசையில் பிறர் பெயரில் வாங்கிப்போட்டுப் பின்னால் வழக்கில் நிற்க வேண்டாம்.

உண்டியல்

வங்கியைவிட நாலு பைசா கூடுதலாகக் கிடைக்கிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்று சிலர் உண்டியலில் அனுப்புகிறார்கள். சட்டப்படி இது குற்றம். சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க முடியும். அதைவிட முக்கியம், அந்தப் பணத்துக்கு ரசீது இல்லை. நாளை வீடு கட்டும்போது "பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. மேலே சொன்ன சகோதரரின் நிலைதான்.

வட்டி

கணக்கில் வட்டி ஏறுமே என்று பலர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. இரண்டையும் வட்டியில்லாத நடப்புக் கணக்காகவும் திறக்கலாம். குறைந்தபட்ச இருப்பு கூடுதலாகக் கேட்பார்கள். சேமிப்புக் கணக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால், ஏறிய வட்டியை என்ன செய்வது என்று நம் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் வட்டிக்குப் பயந்து அடுத்தவர் கணக்கில் பணத்தைப் போடுவது அதற்கு மாற்று ஆகாது. அவர் கணக்கிலும் வட்டி ஏறத்தான் செய்யும்.

வாரிசுதாரர் பெயர்

சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் வபாத் ஆனால், அங்குள்ள அவர் கணக்கை வங்கி நிறுத்திவைக்கும். அந்நாட்டு நீதிமன்றத்தின் வாரிசு உத்தரவு கிடைத்த பிறகே பணம் கிடைக்கும். அதற்கு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் என்று மாதங்கள் ஓடும். ஆகவே அங்கே தேவைக்கு மேல் பணத்தைத் தேக்கி வைக்காமல் மாதாமாதம் ஊர்க் கணக்குக்கு அனுப்பிவிடுவது நல்லது. வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ரகசிய எண்ணை எழுத வேண்டாம்.

ஊர்க் கணக்கில் நாமினி பெயரைக் கட்டாயம் பதியுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை பதியலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் பொறுப்பாளர் மட்டுமே, உரிமையாளர் அல்ல. அது அவர் கையில் அமானிதம். மார்க்கச் சட்டப்படி பங்குள்ள வாரிசுகள் அனைவருக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

திரும்பி வரும்போது

ஃபைனல் எக்ஸிட் அடிப்பதற்கு முன் அங்குள்ள கடன், கிரெடிட் கார்டு பாக்கியைத் தீர்த்து, கணக்கை மூடி, மூடியதற்கான கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி வைத்தவர்கள் மீண்டும் அந்த நாட்டில் இறங்கும்போது சிக்கிக்கொள்வது உண்டு. பணிக்கொடை கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். ஊர் திரும்பி நிலையாகத் தங்கிவிட்டால், வங்கிக்குச் சொல்லி என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

வெயிலில் வெந்து சம்பாதித்த பணம் அது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டு சம்பாதித்த பணம். அது உங்கள் பெயரில் இருப்பது பேராசை அல்ல. உடன்பிறந்தவர் மேல் சந்தேகமும் அல்ல. நாளை உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள், வீட்டுப் பெண்கள் உட்பட, ஜும்ஆவுக்குப் பின் அஸர் வரை நம் அலுவலகத்துக்கு வரலாம். கட்டணம் எதுவும் இல்லை. பாஸ்போர்ட் நகலை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் சபுரை இலேசாக்கி, அவர்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.

செயலாளர்